வருஷத்துக்கு ஒரு புள்ளி

1

போன மாதம் என் ஏழாவது புள்ளியை வைத்தேன்.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில், மழை ஓயாத ஓர் ஊர். என் வேலையை நம் பக்கத்து ஆட்களிடம் விளக்கத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்வேன். வந்த புதிதில் அம்மா போனில் கேட்டாள்.

"அங்க இன்னாதான்டா வேலை ஒனக்கு?"

"எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரில சேர்றவங்கள எண்றதும்மா."

"அத்த எண்றதுக்கா அவ்ளோ தூரம் போன? நம்மூர்ல யாருக்கும் முறியலியா?"

கேள்வி நியாயமானதுதான். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆறு வருஷம் கழித்து அதே கேள்வி வேறு வழியாகத் திரும்பி வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக எலும்பு உள்ளுக்குள்ளேயே அரித்து, பொரி மாதிரி லேசாகிவிடும் நோய் ஒன்று இருக்கிறது. டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். அந்த எலும்பு முறிய லாரி மோத வேண்டியதில்லை. குளியலறையில் கால் வழுக்கினால் போதும். உலகத்திலேயே இப்படி இடுப்பு எலும்பு அதிகம் முறியும் நாடுகளில் நார்வேயும் ஒன்று. முறிந்து யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் ஒரு வரி பதிவாகும். வயது, ஆணா பெண்ணா, எந்த எலும்பு, எந்த மாதம், எங்கே விழுந்தார். அந்த வரிகள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். பெயர் இருக்காது. ஒருவரையே ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இரண்டு வரி வரும். அது இரண்டு முறிவு அல்ல, ஒரே முறிவுதான் என்று கண்டுபிடித்து ஒட்டுவது என் வேலை. இப்படி ஒட்டியும் வெட்டியும் ஒரு வருஷத்தை முடிக்க அடுத்த வருஷம் மார்ச் ஆகிவிடும்.

முடித்த பிறகு, நடைபாதைச் சுவரில் ஒட்டியிருக்கும் நீளமான காகிதத்தில் ஒரு புள்ளி வைப்போம். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இருந்தாலும் இந்தக் காகிதத்தை விடமாட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. இடம் போதாமல் இரண்டு முறை புதுக் காகிதம் ஒட்டி நீட்டியிருக்கிறார்கள்.

முதன்முதலில் அதன்முன் நின்றபோது மூக்கு காகிதத்தில் படுமளவுக்குக் குனிந்து பார்த்தேன். ஒரு மாகாணத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பனியில் வழுக்கியவர்கள், படியில் தவறியவர்கள், பூனை தடுக்கி விழுந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு புள்ளி. கடுகைவிடச் சின்னது. அதற்கு எதிரில் நிற்பவன் திண்டிவனம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். விழுப்புரம் கல்லூரியில் கடைசியாக மிச்சமிருந்த சீட் என்பதால் புள்ளியியலில் சேர்ந்தவன். கைநாட்டு வைக்கும் அப்பா அம்மாவுக்குப் பிறந்தவன்.

காகிதத்தில் மூன்று கோடுகள். நீலக் கோடு, ஒரு வருஷத்தில் இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர்கள் மொத்தம். அது பிடிவாதமாக மேலேயே நிற்கிறது. கறுப்புக் கோடு, இன்றைய எண்பது வயதுக்காரரை அன்றைய எண்பது வயதுக்காரரோடு ஒப்பிட்டு, வயதுக்கு வயது கணக்கிட்டது. அது பல வருஷம் ஏறிவிட்டு, பிறகு மெல்ல, மிக மெல்ல, கீழ்நோக்கி வளைகிறது. வயதானவர்கள் பெருகிவிட்டதால் மொத்தம் குறையவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தால் முன்னைவிடக் குறைவாக முறிகிறது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மாத்திரை என்கிறார்கள், சிகரெட் குறைந்தது என்கிறார்கள், உடம்பில் சதை போட்டது என்கிறார்கள். முழுசாக யாருக்கும் தெரியாது. யாரோ எங்கோ விழாமல் இருந்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாது. அந்த வளைவு அவர்களால் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.

மூன்றாவது, பச்சைக் கோடு. முதுகெலும்பு முறிவு. அது அடியில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு, "முதுகெலும்பு பரவாயில்லை, கெட்டி" என்றேன். பக்கத்து மேசை இங்கெர், ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிக்காமல் ஜோக் அடிப்பவள், காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"குறைவாக முறிகிறது என்று அர்த்தமில்லை. குறைவாக வருகிறார்கள் என்று அர்த்தம். முதுகுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்."

தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

2

போன செப்டம்பரில் என் மகள் கயலுக்கு நாலு வயதுப் பரிசோதனை. இங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் பிள்ளைகளுக்கென்று ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து உயரமும் எடையும் அளந்து ஒரு வளைகோட்டில் குறித்துக்கொண்டே வருவார்கள். நான் முறிந்த எலும்புக்குப் புள்ளி வைக்கிறேன், அவர்கள் வளரும் எலும்புக்கு வைக்கிறார்கள்.

கயலின் புள்ளி அந்த வளைகோட்டையே தாண்டி மேலே போயிருந்தது. நர்ஸ் புருவத்தைத் தூக்கினாள்.

"குடும்பத்தில் யாராவது உயரமா?"

"என் அம்மா. ஊரில் அவளுக்குப் பேரே நெட்டச்சிதான். நெட்டையானவள் என்று அர்த்தம்."

"இப்போதும் அதே உயரம்தானா?"

நாம் ஆமாம் என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் அசைப்போம் இல்லையா, அப்படி அசைத்தேன். நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். "அது ஆமாவா, இல்லையா?" வந்து ஆறு வருஷமாகியும் இந்தத் தலை மட்டும் திருந்தவில்லை. "ஆமாம்" என்று வாயால் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

கயல் அவளோடு நார்வேஜிய மொழியில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் தமிழில் கேட்டாலும் பதில் அந்த மொழியில்தான் வரும். "ஆயாகிட்ட பேசுறியா?" என்றால் அதற்கும் அந்த மொழியில் சரி என்பாள். போனில் அம்மா, "இன்னாடா சொல்றா என் பேத்தி?" என்பாள். நான் மொழிபெயர்ப்பேன். என் வீட்டில் மூன்று பேர் பேச நான் ஒருவன் கம்பி மாதிரி நடுவில் ஓடுவேன்.

அன்று மாலை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வாயெல்லாம் பல்.

"என்னாட்டம் வர்றாளா? வரட்டும் வரட்டும். ஒசரமா இருந்தா முருங்கக்கா பறிக்க யாரயும் கெஞ்ச வேணாம்." அப்புறம் அனிதாவைக் கூப்பிட்டாள். அனிதா என் மனைவி, இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். "ஏம்மா, நீ அனுப்ன பொடவ ரொம்ப அகலம்மா. இப்பல்லாம் மில்லுக்காரனுங்க நாலு வெரக்கட சேத்து நெய்றானுங்க போல. எவ்ளோ தூக்கிச் சொருவனாலும் தரையக் கூட்டிக்கினு வருது."

"போன தடவையும் அப்படித்தானே சொன்னீங்க அத்த? கடை மாத்திதானே வாங்கினேன்."

"எல்லாக் கடையும் அப்படித்தான். காலம் அப்படி."

அனிதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

3

எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்தில். ஓட்டு வீடு. அதன் வாசல் நிலை, எங்கோ இடித்த பழைய வீட்டிலிருந்து அப்பா வாங்கிவந்து வைத்தது. யாரோ குள்ளமான குடும்பத்துக்குச் செய்தது போலிருக்கிறது. எங்கள் தெருவில் யாருக்கும் அது இடிக்காது. அம்மாவுக்கு இடிக்கும். தலையில் புல்லுக்கட்டை இறக்கிய அசதியில் குனிய மறந்து, வாரத்துக்கு ஒரு தடவை நெற்றியில் வாங்கிக்கொள்வாள். அப்பா ஒருநாள் கோணிச்சாக்கை நாலாக மடித்து மேற்கட்டையில் வைத்துக் கயிற்றால் கட்டினார். "நெலைய ஒசத்த முடியாது, ஒன்னயும் வெட்ட முடியாது" என்றார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சாக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நான் வளர்ந்த பிறகு எனக்கும் அது உபயோகப்பட்டது. அந்த வீட்டில் அந்தச் சாக்கைத் தொடும் தலைகள் இரண்டுதான். அவளுடையது, என்னுடையது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் வந்தாள். முகம் தெரியவில்லை. கேமரா மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரிதாடா? நல்லாப் பாரு."

"இன்னாம்மா அது?"

"குளவிக் கூடுடா. மண்ணு குழச்சி எம்மாம் அழகாக் கட்டிருக்குது பாரு."

நம் பக்கத்தில் வீட்டுக்குள் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். கலைக்கக் கூடாது. அம்மாவுக்கு அதுதான் சந்தோஷம்.

"கயலுக்குத் தம்பி வரப்போறான். அனிதாவக் கூப்புடு, பாக்கட்டும்."

அனிதா வந்து பார்த்து, "அத்த, குளவிக்கு வேற வேலை இல்ல" என்றாள். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடு இருந்த இடம் அப்பா கட்டிய சாக்கு. அதுவும் சாக்கின் அடிமடிப்பில், வாசலுக்கு நேர் நடுவில். தலை இடித்து இடித்து எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருக்குமே, அதே இடத்தில். நாலைந்து அறைகள். ஒரு நாளில் கட்டியதல்ல.

அங்கே ஒரு தலை பட்டாலும் அந்தக் கூடு உதிர்ந்திருக்கும். என் தலை நார்வேயில் இருக்கிறது. அப்படியானால் அம்மாவின் தலை எங்கே?

"ம்மா, இப்பல்லாம் நெல இடிக்குதா ஒனக்கு?"

"இல்லடா. ரொம்ப நாளா இடிக்கல. வயசானா கவனம் வருது பாரு."

அவள் கேமராவைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே நடந்து காட்டினாள். நிலையைத் தாண்டும்போது பழக்கத்தில் குனிந்தாள். குனிந்திருக்க வேண்டியதே இல்லை. தலைக்கும் சாக்குக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. புடவை தரையைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனது.

மில்லுக்காரன் எதையும் சேர்த்து நெய்யவில்லை.

4

மறுநாள் வேலையில் எதுவும் ஓடவில்லை. நடைபாதைக்குப் போய்ப் பச்சைக் கோட்டின்முன் நின்றேன். ஆறு வருஷமாகத் தினமும் கடந்துபோகும் கோடு. முதுகெலும்பு நசுங்கினால் ஆள் உயரம் குறையும். குறைவாக வருகிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் வெற்றுக் காகிதத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அங்கே எத்தனை அம்மாக்கள் புடவையைக் குறை சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்? அதைவிடப் பயம் ஒன்று இருந்தது. முதுகெலும்பு இப்படிச் சத்தமில்லாமல் நசுங்குகிறவர்களுக்கு அடுத்து முறிவது பெரும்பாலும் இடுப்பு. இடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்பது என் வேலை. அந்த வரிகளின் மறுபக்கத்தை நான் படித்திருக்கிறேன். பலர் திரும்ப எழுந்து நடப்பதில்லை.

என் தங்கை மங்கை திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளை ஊருக்குப் போய் அம்மாவை நிலையில் நிற்கவைத்து அளக்கச் சொன்னேன். சாயந்திரம் கூப்பிட்டாள்.

"ணா, தலைக்கும் சாக்குக்கும் நடுவுல நாலு வெரலு போவுது. நான் கூடத்தான் வாரா வாரம் வர்றேன், ஒண்ணும் தெரியல."

நாலு விரக்கடை. புடவை கணக்கும் நிலை கணக்கும் சரியாக இருந்தது.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவள் கேட்பதாக இல்லை.

"நான் எங்கயும் உழல, வைக்கல. முதுகுவலின்னு டாக்டர்கிட்ட போறதா? அப்பறம் இந்த ஊருல எந்தப் பொம்பள வூட்ல இருப்பா?"

"உழாமலே முறியும்மா."

"நீ அங்க குந்திக்கினு எலும்பு எண்ணி எண்ணி ஒனக்குப் பாக்கறதெல்லாம் எலும்பாத் தெரிது."

உண்மையான காரணத்தை மங்கைதான் சொன்னாள். எங்கள் ஊரில் களை எடுக்க, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்க ஆள் வேண்டும் என்றால் நிலக்காரர்கள் அம்மாவுக்குத்தான் போன் செய்வார்கள். பன்னிரண்டு பெண்களை அவள் கூட்டிக்கொண்டு போவாள். யார் எந்த வரிசை, எப்போது தண்ணீர் குடிக்க ஏறுவது, எல்லாம் அவள் சொல்வதுதான். படிப்போ நிலமோ இல்லாத என் அம்மாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி அது. டாக்டர் எலும்பு பொரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால், விஷயம் பஸ் விட்டு இறங்குவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். பிறகு யார் அவளைக் கூப்பிடுவார்கள்?

அதை மீறி அவளை எப்படிக் கிளப்புவது? நான்கு நாள் யோசித்தேன். கோடுகளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "உன் கோடு இருக்கட்டும்" என்றாள். கடைசியில் நான் செய்தது, படித்தவன் செய்யக்கூடாத காரியமா என்று இன்னமும் தெரியவில்லை.

"ம்மா, குளவி கட்டிருக்குதுல்ல?"

"ம்."

"பொறந்தா யாரு தூக்குவா? கயலத் தூக்கத்தான் ஒனக்குக் குடுத்து வெக்கல. இங்கயே பொறந்து இங்கயே வளந்துட்டா. அடுத்தத ஊருக்குத் தூக்கினு வர்றோம்னு வெச்சிக்க. அப்ப நசுங்கன முதுக வெச்சிக்கினு நீ தூக்க முடியுமா?"

அம்மா மெதுவாக, "எப்ப கூட்டினு வருவ?" என்றாள்.

"மொதல்ல நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"செரி. மங்கையை வரச் சொல்லு. ஆனா கூட்டக் கலைக்கச் சொல்லக் கூடாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அனிதா சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேக்காம குளவிகிட்ட ஒப்பந்தம் போட்டுட்டீங்களா?"

5

முதலில் திண்டிவனத்தில் எக்ஸ்ரே. பிறகு விழுப்புரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் எலும்பின் அடர்த்தி பார்க்கும் பரிசோதனை. மங்கை கூடவே இருந்தாள். அறைக்குள் நடந்ததைப் பிறகு வரிக்கு வரி சொன்னாள்.

டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் வைத்து, "எப்பம்மா விழுந்தீங்க?" என்றிருக்கிறார்.

"உழவே இல்லம்மா."

"மூணு எலும்பு முன்பக்கம் நசுங்கியிருக்கு. வேற வேற சமயத்துல ஆனது. முதுகுல திடீர்னு தாங்கமுடியாத வலி எப்பவாவது வந்துச்சா?"

அம்மா யோசித்திருக்கிறாள். மங்கைக்கும் எனக்கும் தெரியாத மூன்று நாட்களை அப்போதுதான் சொல்லியிருக்கிறாள். ஒரு மல்லாட்டை சீசனில் கூடையைத் தூக்கி இன்னொருத்தி தலையில் வைக்கும்போது முதுகில் சடக்கென்று ஒரு சத்தம். ஒருநாள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தவள், இருமல் வந்து நிமிரும்போது கத்தி சொருகியது போல. இன்னொரு நாள் தண்ணீர்க் குடம்.

"அப்ப என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்றது, வரிசை பாதியில நின்னுது. முடிச்சிட்டுதான் வந்தேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார் என்றாள் மங்கை.

ஏழு வருஷமாக முறிவுகளைப் படிக்கிறேன். முறிந்தவுடன் ஆம்புலன்ஸ், ஊசி, படுக்கை என்றுதான் எங்கள் வரிகள் போகும். முதுகெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு சாயந்திரம் வரை குனிந்து களை எடுத்து, வீட்டுக்கு வந்து உலை வைத்தவள் எந்த வரியிலும் இல்லை. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அதில் ஒரு தடவை நான் அவளோடு போனில் பேசியிருப்பேன். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டிருப்பேன். "எனக்கின்னா கொறச்சல்" என்றிருப்பாள்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "கர்ப்பப்பை இருக்காம்மா?"

"எடுத்தாச்சி. இவ பொறந்து நாலாம் வருஷம்."

அப்போது அம்மாவுக்கு முப்பதுகூட நிறைந்திருக்காது. மாதவிலக்கும் அதோடு நின்றுபோனது. அப்படி எடுத்தால் எலும்பைக் காப்பாற்றும் சுரப்பு பெண்ணுக்குச் சீக்கிரமே குறையக்கூடும் என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன். என் அம்மாவுக்கு அப்படி ஓர் ஆபரேஷன் நடந்தது என்பதை மட்டும் படிக்கவில்லை. அந்த வருஷம் நான் திண்டிவனம் ஹாஸ்டலில் சேர்ந்தேன். ஒரு மாதம் அவள் என்னைப் பார்க்க வரவில்லை. கோபமாக இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. வாரத்துக்கு ஒரு மாத்திரை, தினமும் சுண்ணாம்புச் சத்து. வேலைக்குப் போகலாமா என்று அம்மா கேட்ட கேள்விக்கு டாக்டர் சொன்ன பதில்தான் அவளைக் காப்பாற்றியது. "போங்க. நடக்கறது நல்லது. ஆனா குனிஞ்சு எதையும் தூக்கக் கூடாது. தூக்கறவங்களுக்கு வழி சொல்லுங்க."

பயந்தது நடக்கவில்லை. மறுவாரமே பன்னிரண்டு பேரும் அவளை வரப்பில் நிறுத்திவிட்டார்கள். கூடையைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறார்களாம். அவளுடைய சிநேகிதி ராணி எல்லாருக்கும் முன்னால் சொன்னாளாம். "நாலு வெரலு எறங்குனப்பறந்தாண்டி நெட்டச்சி, நீ எங்க ஊரு பொம்பள மாதிரி இருக்கற. இத்தினி நாளா அண்ணாந்து பாத்து எங்க கழுத்துதான் போச்சி."

இதைச் சொல்லும்போது அம்மா குலுங்கிச் சிரித்தாள். "மெதுவாச் சிரிம்மா" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

6

மார்ச்சில் புள்ளி வைக்கும் நாள் வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புள்ளி வைப்பதற்கு முன்னால், அந்த வருஷத்து வரிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். யார் தொடங்கியது என்று தெரியாது. புள்ளிக்குள் ஆள் இருப்பதை மறக்கக் கூடாது என்பதற்காக இருக்கும். இந்த வருஷம் என் முறை.

"பெண். எண்பத்திரண்டு. பிப்ரவரி. இடது இடுப்பு. தபால்பெட்டிக்குப் போகும் வழியில்."

வாசித்து முடித்ததும் நான் இங்கெரிடம் கேட்டேன். "பட்டியலில் இல்லாத ஒரு வரியை வாசிக்கலாமா?"

"பட்டியலில் இல்லாததை வாசிக்க முடியாது" என்றாள். காபிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, "காபி குடிக்கும்போது சொல்லலாம்" என்றாள்.

சொன்னேன். பெண். வயது சரியாகத் தெரியாது, அடையாள அட்டையில் இருக்கும் தேதி பள்ளிக்கூட வாத்தியார் உத்தேசமாகச் சொல்லிப் போட்டது. மாதம் தெரியாது, மல்லாட்டை சீசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பு, மூன்று. எங்கேயும் விழவில்லை. ஆஸ்பத்திரியில் சேரவில்லை. கண்டுபிடித்தது ஒரு குளவி.

குளவியை விளக்கத்தான் நேரம் பிடித்தது. சாக்கு, நிலை, தலை, கூடு என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. இங்கெர் எழுந்துபோய்ச் சுவர்க் காகிதத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். "வை."

நீலம் வைத்தேன், கறுப்பு வைத்தேன். கறுப்புக் கோடு இன்னும் ஒரு மயிரிழை கீழே போனது. பச்சை வைக்கும்போது கை நின்றது. அந்தப் புள்ளியில் அம்மா இல்லை. அவள் வேறு நாடு. அங்கே இப்படி ஒரு காகிதமும் கண்ணில் பட்டதில்லை. ஆனால் அவளுடைய இடுப்பு முறியாமல் போனால், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் ஒருநாள் அவளுக்காக நிரம்பாமல் இருக்கும். அது யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமாக நான் பிரமித்துப் பார்த்த வளைவு இப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று அன்று புரிந்தது. அந்த நாட்டு வளைவும் இந்த நாட்டு வளைவும் வேறல்ல.

அம்மாவின் மாத்திரைக்கு ஒரு சட்டம் உண்டு. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. நிமிர்ந்து இருக்க வேண்டும். அவள் இதை விரதம் மாதிரி ஆக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒன்பது மணி, எங்களுக்கு இப்போது காலை ஐந்தரை. வெளிச்சம் அதற்குள் ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. அதுவரை பட்டினியாக இருந்து, எங்களை வீடியோவில் கூப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரையைப் போடுவாள். போனைச் செம்பின்மேல் சாய்த்துவிட்டு, நிலைவாசலில் போய் நிற்பாள். உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உட்காரமாட்டாள்.

கயல் நேரம் பார்ப்பாள். அது அவளுடைய வேலை. கடைசி ஐந்து நிமிஷத்தை நார்வேஜிய மொழியில் இறங்குமுகமாக எண்ணுவாள். முதல் வாரங்களில் அம்மா, "இன்னாடா சொல்றா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். இப்போது என்னைக் கேட்பதில்லை.

போன ஞாயிறு அம்மாவின் தலைக்கு மேலே கூடு நன்றாகத் தெரிந்தது. அறைகளில் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே இருந்ததெல்லாம் பறந்துபோய்விட்டது. எங்கள் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. நான் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். ஏமாற்றிவிட்டேன் என்று நினைப்பாளோ என்று இருந்தது.

"குளவி வாக்கு குடுத்தது எனக்கு. ஒனக்கு ஏன் பேஜாரு?" என்றாள். "நாள் தள்ளிப் போவும். நான் இங்கதான நிக்கப்போறேன்."

"ஃபெம்" என்றாள் கயல். ஐந்து.

"ஃபெம்" என்றாள் அம்மா, கூடவே.

நாலு. மூன்று. இரண்டு. இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். ஒன்று முடிந்ததும் கயல் கைதட்டினாள். அப்புறம், யாரும் சொல்லித்தராமல், தமிழில் சொன்னாள்.

"ஆயா, முடிஞ்சிச்சி. உக்காரு."

அம்மா உட்காரவில்லை. நிலையின் இரண்டு பக்கமும் கையை வைத்து, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

"இருடி. நடவு நட்ட நாள்லேருந்து எல்லாரும் என்னைக் குனி குனின்னுதான் சொன்னாங்க. ஒரு டாக்டரம்மா நிமிந்து நில்லுன்னு சொல்லிருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வர்றேன்."